சதவீதம் எவ்வளவு, தேதி என்ன?

நேயர்களுக்கு வணக்கம். அடுத்த பத்து வருடத்தில் உலக அரசியல் எப்படி இருக்கும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிளி ஜோசியரைக் கூப்பிட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவராவது ஒரு சீட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அரசியல் கணிப்பாளர்கள் அதுகூடக் கொடுப்பதில்லை. 'போர் மூளும் என்பதை மறுப்பதற்கில்லை' என்பார்கள். மூண்டால் 'அன்றைக்கே சொன்னேனே'. மூளாவிட்டால் 'மறுப்பதற்கில்லை என்றுதானே சொன்னேன்'.

நானும் யோக்கியனில்லை. 2016 ஜூனில் பிரிட்டன் வாக்கெடுப்பு நடந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது நடக்கவே நடக்காது என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். வெளியேறு என்று வாக்களித்தவர்கள் 51.9 சதவீதம். எனக்கு இரண்டு பிரியாணி நஷ்டம். பெரிய நிபுணர்களின் லட்சணமும் ஏறக்குறைய இதேதான். அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் டெட்லாக் 284 நிபுணர்களிடம் சுமார் 28,000 கணிப்புகளை வாங்கி, இருபது வருடம் பொறுமையாகச் சரிபார்த்தார். சாத்தியமே இல்லை அல்லது அநேகமாக இல்லை என்று அவர்கள் ஒதுக்கியவற்றில் சுமார் 15 சதவீதம் நடந்துவிட்டது.

சொல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 1951-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி அந்த ஆண்டே தாக்குதல் நடத்தக் 'கணிசமான சாத்தியம்' உண்டு என்று அமெரிக்க உளவுத்துறை ஓர் அறிக்கை எழுதியது. அதில் முக்கியப் பங்கு ஷெர்மன் கென்ட் என்பவருக்கு. வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் அவரிடம், அது என்ன கணிசம், எவ்வளவு என்று கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். கேட்டவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவர் அதைவிட ரொம்பக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் தன் சகாக்களிடமும் போய்க் கேட்டார். ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். எல்லோரும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள்! கடைசியில் தாக்குதல் நடக்கவே இல்லை.

ஆகவே எண்ணைக் கேளுங்கள், தேதியைக் கேளுங்கள். வானிலைத் துறையில் 1950-லேயே இதற்கு மதிப்பெண் முறை வந்துவிட்டது. மழைக்கு 80 சதவீதம், அதாவது 0.8 என்று சொல்லி மழை பெய்தால் (அது 1) உங்கள் பிழை 0.2, அதன் வர்க்கம் 0.04. பெய்யாவிட்டால் (அது 0) பிழை 0.8, வர்க்கம் 0.64. மதிப்பெண் குறையக் குறைய நீங்கள் கெட்டிக்காரர். கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளரின் யோசனை இது. அரசியல் பேசுகிறவர்களுக்கும் இதை வைத்தால் பல தொலைக்காட்சி விவாதங்களில் நாற்காலி காலியாகிவிடும்.

சரி, எண் சொல்லிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? 1989 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் எரிக் ஹோனெக்கர், பெர்லின் சுவருக்கான காரணங்கள் நீங்காதவரை அது 50 வருடம், ஏன் 100 வருடம்கூட நிற்கும் என்றார். அதே வருடம் நவம்பர் 9 மாலை, ஆளும் கட்சிப் பிரமுகர் குந்தர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். கிழக்கு ஜெர்மானியர் எல்லை தாண்டிப் போக அனுமதிக்கும் புதிய பயண விதிகள் எழுதிய தாள் ஒன்றைச் சற்று முன்புதான் அவர் கையில் திணித்திருந்தார்கள். அந்த விதிகளைத் தயாரித்த கூட்டத்தில் அவர் இல்லை. மறுநாள்தான் வெளியிட வேண்டும் என்பதும் தெரியாது. எப்போதிலிருந்து அமல் என்று ஒரு கேள்வி. தாள்களைப் புரட்டுகிறார். எனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்கிறார்.

போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் பணியில் இருந்த ஹரால்ட் யேகர் இதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தார். கூட்டம் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தும் உருப்படியான பதில் இல்லை. இரவு பதினொன்றரை வாக்கில், யார் உத்தரவும் இல்லாமல், கதவைத் திறக்கச் சொன்னார். ஆட்சி தள்ளாடுவதை அன்று யாரும் கணித்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு தாளை யார் கணிப்பது?

அதற்காக எதையுமே கணிக்க முடியாது என்று சொல்லமாட்டேன். 2000-இல் உலக மக்கள்தொகை 628 கோடி இருக்கும் என்று ஐ.நா. 1958-இல் கணக்குப் போட்டது. வந்தது 610 கோடிக்குச் சற்று மேல். பிள்ளை பெறும் வயதுக்கு வரப்போகிறவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே பிறந்தாயிற்றே. சட்டத்தில் பூட்டிய விஷயங்களும் அப்படித்தான். பாதுகாப்புச் சபையில் புதிய நிரந்தர உறுப்பினர் வர வேண்டுமானால் ஐ.நா. சாசனத்தைத் திருத்த வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு, இப்போதிருக்கும் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒப்ப வேண்டும். 1965-இல் சபை 11-லிருந்து 15 ஆனபோதுகூடக் கூடியது நிரந்தரமில்லாத இடங்கள்தான்.

இனி என் சீட்டு. 2035 டிசம்பர் 31-க்குள் பாதுகாப்புச் சபையில் புதிய நிரந்தர உறுப்பினர்: 5 சதவீதம். இந்தியாவும் வரிசையில் நின்று இடம் கேட்கிற நாடு என்பதால் எனக்கு இதில் வருத்தம்தான். அன்றும் மக்கள்தொகையில் சீனாவைவிட இந்தியா முன்னால்: 99. நாகசாகிக்குப் பிறகு, இந்தக் காலத்துக்குள், போரில் மறுபடி ஓர் அணுகுண்டு: முதலில் 3 என்று எழுதினேன். அப்புறம் நேற்று ராத்திரி அதை அடித்துவிட்டு 5 ஆக்கினேன்.

பதிவு நிலையத்தில் இருக்கும். 2036 பொங்கலுக்கு எடுத்துப் போட்டுக் கேளுங்கள். வணக்கம்.