பனிமலையிலிருந்து எத்தனை தடவை இறங்குவது?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, மேசைக்குக் கீழே போனை மறைத்து வைத்துக்கொண்டு எந்தக் கடையில் தள்ளுபடி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"வாங்கிக் குவித்த வீடியோ கேம்களை முடித்துத் தீர்ப்பதா, மனம் போனபடி ஆடிவிட்டுப் போவதா?" இதுதான் தலைப்பு. முடித்துத் தீர்ப்பதே என்று பேச வந்திருக்கிறேன். இதைப் பேச உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று என் மனைவி கிளம்பும்போதே கேட்டாள். நியாயமான கேள்வி. போன வருஷம் பொங்கல் லீவில் ஒரு பழைய டைரியை எடுத்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். தொட்டுவிட்டுப் பாதியில் விட்டது மட்டும் 41. வாங்கித் திறந்தே பார்க்காதது தனி. அதை எண்ணவில்லை, எண்ணியிருந்தால் அன்றைக்குப் பொங்கல் கிடைத்திருக்காது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வாதத்தில் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போனார். "சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறோம், கேம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் மூடக் கூடாதா?" என்றார். தாராளமாக மூடுங்கள் தம்பி. பிடிக்காததை முடிக்கச் சொல்ல நான் என்ன உங்கள் கணக்கு வாத்தியாரா? கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசையே திருப்பித் தருகிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லக் கடைக்காரரே வழி வைத்திருக்கிறார், அந்த வழக்கை இந்த மேடைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. என் 41-ஐ வரிவரியாகப் பார்த்தேன். பிடிக்காமல் விட்டது 8. மீதி 33-ம் பிடித்துப்போய், ராத்திரி ஒரு மணி வரை ஆடி, மறுநாள் ஆபீஸில் தூங்கி வழிந்து, அப்படி ஆடியவை. சாம்பார் ஊற்றும்போதே ஆஹா என்றவன் ரசம் வருவதற்குள் ஏன் எழுந்தான்? பக்கத்து மண்டபத்திலும் பந்தி போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அங்கே ஓடினான், அங்கேயும் சாம்பார் வரைக்கும். இப்படி ஊரில் உள்ள அத்தனை மண்டபத்திலும் உட்கார்ந்தவன் ஒரு இடத்திலும் பாயசத்தைப் பார்க்கவில்லை!

மனம் போனபடி என்கிறீர்களே, யார் மனம்? எந்த கேமைக் கடைசியாக என்றைக்கு ஆடினோம் என்று ஸ்டீம் தேதி காட்டும். அதைப் பார்த்து டைரியில் ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறித்தேன். ஜூன் கடைசி, ஜூன் கடைசி, டிசம்பர் கடைசி, மறுபடியும் ஜூன் கடைசி. கோடைத் தள்ளுபடியும் குளிர்காலத் தள்ளுபடியும் வருகிற நாட்கள்! அப்புறம் எபிக் கடை இருக்கிறது, வாராவாரம் வியாழக்கிழமை இரவு ஏதாவது ஒன்றை இலவசமாக அவிழ்த்துவிடுவார்கள். 2020 மே மாதம் ஜிடிஏ 5 என்ற பிரபலமான கேமையே சும்மா கொடுத்தார்கள். நானும் ஓடிப்போய் வாங்கினேன். என்னிடம் அது ஏற்கெனவே இருந்தது. சும்மா கிடைக்கிறதே! இதற்குப் பெயர் மனம் போவது என்றால், ஆடித் தள்ளுபடியில் ஏழாவது குக்கர் வாங்குபவரும் மனம் போனபடி சமைக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதுசு வந்தால் ஆட வேண்டாமா என்பீர்கள். ஆடினால் பரவாயில்லையே. 2024-ல் ஸ்டீமில் மக்கள் ஆடிய நேரத்தில் அந்த ஆண்டு வெளிவந்த கேம்களுக்குப் போனது 15 சதவீதம்தான், ஸ்டீமே வெளியிட்ட கணக்கு. வாங்குவது புதுசு, ராத்திரி கை போவது பழசுக்கு.

சரி, விட்டதை எட்டு மாதம் கழித்துத் திறந்தால் என்ன ஆகும்? என் கதையைக் கேளுங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்று ஒரு கௌபாய் கேம். கம்ப்யூட்டருக்கு 2019-ல் வந்தது, 150 ஜிபி இடம் கேட்கும், ஆறு அத்தியாயமும் அதற்கு மேல் ஒரு பின்கதையும். மூன்றாம் அத்தியாயத்தில் விட்டிருந்தேன். திறந்தால் நம் ஆள் ஆர்தர் வேலன்டைன் என்ற ஊரின் சேற்றுத் தெருவில் நிற்கிறார், எதிரே ஒரு பெரியவர் வருகிறார். அந்த கேமில் ஒருவருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமானால் முதலில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி அவரைப் பார்க்க வேண்டும். கையில் துப்பாக்கி இருந்தால் அதே பொத்தான் குறி வைக்கும். எட்டு மாதத்தில் இது எனக்கு மறந்தே போயிற்று, கையில் துப்பாக்கி இருப்பதையும் கவனிக்கவில்லை. நான் மரியாதையாக வணக்கம் வைக்கப் போக, அந்த மனுஷன் அலற, பக்கத்தில் ஒரு பெண் கத்த, இன்னொருத்தர் போலீஸிடம் சொல்ல ஓட, நான் பதற்றத்தில் குதிரை ஏறும் பொத்தான் எது என்று தேடி ஒவ்வொன்றாக அழுத்தி, அதில் ஒன்று சுடும் பொத்தானாக இருந்து, ஐந்து நிமிஷத்தில் ஊரே என்னைத் துரத்துகிறது. வணக்கம் சொல்லப் போனவன் நான்.

இப்படி ஆனதும் நாம் என்ன செய்வோம்? "எல்லாம் மறந்துபோச்சு, முதலிலிருந்து ஆரம்பிப்போம்." அந்தக் கதை பனிமலையில் தொடங்கும். குதிரை பனியில் காலை இழுத்து இழுத்து நடக்கும், நாமும் கூடவே இழுபட வேண்டும், அந்த அத்தியாயம் முழுக்க அப்படித்தான். அந்த மலையிலிருந்து நான் மூன்று தடவை இறங்கியிருக்கிறேன். கொடைக்கானலில் இருந்துகூட அத்தனை தடவை இறங்கியதில்லை. எதிரணி சொல்கிற சுதந்திரத்தை நான் அனுபவித்த லட்சணம் இது, முதல் அத்தியாயத்தையே மூன்று தடவை.

எதிரணி அக்கா சொன்னது கனமான வாதம், அதைத் தாண்டிக் குதிக்க மாட்டேன். "500 ரூபாய் போட்டுவிட்டோமே என்று இன்னும் 50 மணி நேரத்தையும் போடுவது, காசு கொடுத்து வாங்கினோமே என்று அழுகின தக்காளியைக் குழம்பில் போடுவது மாதிரி" என்றார். ரொம்பச் சரி அக்கா. காசுக்காக முடிக்கவே கூடாது. செய்தவர்கள் முன்னால் விதைத்ததைப் பின்னால்தான் அறுக்க விடுகிறார்கள், நான் அதற்காகச் சொல்கிறேன். 2015-ல் போலந்துக்காரர்கள் கொண்டுவந்த விட்சர் 3 என்ற கேமில் வேலன் என்று ஒரு சதுப்பு நிலம் வரும். அங்கே ஒரு குடிகார பாரன், நம் ஊர் ஜமீன்தார் மாதிரி, பெண்டாட்டியையும் மகளையும் காணோம், தேடிக் கொடு என்பார். தேடிப் போகிற வழியில் ஒரு மரத்தடி ஆவி, அதை விடுவிப்பதா கொல்வதா என்று கேட்கும்போது நீங்கள் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போவீர்கள். அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்பதே அதில் இருக்கிறது, தெரிவது வெகுநேரம் கழித்து. இன்னும் பின்னால், சிரி என்ற பெண் மனசு உடைந்து உட்கார்ந்திருக்கும்போது அவளோடு பனிப்பந்து எறிந்து விளையாடினீர்களா, இல்லை பெரிய மனுஷன் மாதிரி குடிக்க உட்கார்ந்தீர்களா என்பதுகூடக் கடைசிக் கணக்கில் ஏறும். பன்னிரண்டாம் மணி நேரத்தில் எழுந்து போனவருக்குத் தான் என்ன செய்துவிட்டு வந்தோம் என்றே தெரியாது.

இதைச் சொன்னதும் "அப்போ எல்லா இறகையும் பொறுக்கணுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வேண்டாம். அசாசின்ஸ் கிரீட் 2-ல் 100 இறகு ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதைப் பொறுக்கிக்கொண்டு அலைவது ஆகாத வேலை. கதையை முடி, போதும்.

எப்படி முடிப்பது? பெரிசில் ஆரம்பித்தவன் தொலைந்தான், அதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் டைரியில் இருந்த சின்னச் சின்னதைத்தான் முதலில் எடுத்தேன். 2007-ல் வந்த போர்ட்டல், ஒரு மத்தியானத் தூக்கத்தை விட்டால் முடிந்துவிடும். அப்புறம் வெண்பா என்ற கேம். 2023-ல் டொராண்டோவில் ஒரு சிறிய குழு செய்தது, 1988-ல் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. முதல் சமையலே இட்லி. அம்மா கொடுத்துவிட்ட குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்திருக்கும், இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். குழிக்கு நேர் குழி வைத்தேன், நசுங்கியது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "மாத்தி வை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவள் போனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். இதையும் நான் இரண்டு வருஷமாகப் பத்தாவது நிமிஷத்தில் விட்டு வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் கணினியில் ஒரு பெரிசு, ஒரு சிறிசு, அவ்வளவுதான். மூடும்போது டைரியில் ஒரு வரி: "முகாமில் நிற்கிறேன், நாளைக்கு மீன் பிடிக்கக் கூட்டிப் போகணும், டேப் பொத்தானைத் தட்டினால் துப்பாக்கி உறைக்குள் போகும்." இந்த ஒரு வரி என்னை நான்காவது தடவை மலை ஏறாமல் காப்பாற்றியது. 41-ல் 8-ஐ அடித்துவிட்டேன், 17-ஐ முடித்துவிட்டேன், பாக்கி 16.

"அவசரம் என்ன, கேம் எங்கே ஓடிவிடப் போகிறது, ரிட்டயர் ஆனதும் ஆடிக்கொள்ளலாம்" என்றார் எதிரணித் தலைவர். ஓடும் ஐயா. தி க்ரூ என்ற கார் பந்தய கேம் 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ல், அதை இணையம் வழியாக ஓட வைத்த கம்பெனி சர்வரை அணைத்தார்கள், தனியாக ஓட்டுவதற்குக்கூட அந்த சர்வர் வேண்டும் என்பதால் காசு கொடுத்தவர்கள் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கலிபோர்னியாவில் இதற்கென்று சட்டமே போட்டு, 2025 ஜனவரியிலிருந்து, "வாங்கு" என்று பொத்தான் வைக்கிற கடைகள் தாங்கள் தருவது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு மொட்டை மாடியை அடுத்த வருஷம் போய்ப் பார்க்கலாம் என்கிறீர்கள்.

சின்ன வயதில் நம்மிடம் இருந்த கேசட்டில் "9999 இன் 1" என்று போட்டிருக்கும், உள்ளே போனால் அதே இருபதோ முப்பதோ வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கேசட் பொய் சொன்னது, ஆனால் கான்ட்ராவின் 8 கட்டத்தையும் நாம் முடித்தோம், பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்து, 30 உயிர் வாங்கிக்கொண்டு. இன்றைக்கு வாங்கியதையெல்லாம் காட்டுகிற நம் ஸ்டீம் லைப்ரரி பொய் சொல்வதில்லை, 300 என்றால் உள்ளே 300 இருக்கிறது, நாம்தான் இருபதைத் தாண்டுவதில்லை.

மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது, இதோ முடிக்கிறேன். "முடிவுதானே, யூடியூபில் பத்து நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் தம்பி. நியர் ஆட்டோமேட்டா என்று ஒரு கேம், 2017-ல் வந்தது. ஆடாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை, செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடும்போது கேம் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை, இன்னொரு பாத்திரமாகத் திரும்ப ஆட வேண்டும், மீதிக் கதை அதற்கும் பின்னால்தான். எல்லாம் தாண்டிக் கடைசிப் பட்டியல் வரும்போது அந்தப் பெயர்களே நீங்கள் ஓட்டுகிற சின்னக் கப்பலைச் சுடும். செத்துச் செத்துப் போவீர்கள். அப்போது உதவி வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால், எங்கேயோ இதை முடித்த முகம் தெரியாத ஆட்களின் கப்பல்கள் வந்து உங்களைச் சுற்றி நிற்கும், உங்களுக்கு விழுகிற அடியைத் தாங்கி ஒவ்வொன்றாக மறையும். தாண்டிவிடுவீர்கள். பிறகு கேம் கேட்கும், இதுவரை ஆடியது பதிவாகியிருக்கிற உன் சேமிப்பு முழுவதையும் அழித்து இன்னொருவருக்கு இதே உதவியைச் செய்வாயா என்று. அது உனக்குப் பிடிக்காத ஆளாக இருந்தாலுமா, நன்றிகூட வராவிட்டாலுமா என்று விடாமல் கேட்கும்.

யூடியூபில் பார்க்கிற தம்பியிடம் அழிப்பதற்கு என்ன இருக்கிறது? என்னிடம் 40 மணி நேரம் இருந்தது. ராத்திரி இரண்டு மணி, வீடு தூங்குகிறது, சரி என்று அழுத்தினேன். சேர்த்த ஆயுதம், வரைபடம், முடித்த வேலைகள், எல்லாம் கண் முன்னாலேயே பக்கம் பக்கமாகக் காலியாகிக்கொண்டு வந்தது. டைரியை எடுத்து நியர் என்ற பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மணி அடித்துவிட்டார்கள். உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.