டெபியன் வழுக்களுக்கு மின்னஞ்சலிலேயே கட்டளை

[திரை: பிரட்ரிக் கோட்டை வாசல், காலை. மான்கள் மேய்கின்றன.]

வணக்கம், திருகோணமலையிலிருந்து. முதலில் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்கிறேன், பாருங்கள்.

[திரை: 'கோ' உடைந்து, இரட்டைக் கொம்பு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம்.]

இது உங்களுக்குக் காட்ட நானே உடைத்தது. ஆனால் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் உண்மையாகவே இப்படி ஒரு வழு, அதாவது மென்பொருள் பிழை, வந்தால் யாரிடம் சொல்வது? கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். 1994இல் இயன் ஜாக்சன் உருவாக்கிய ஏற்பாடு இது. இணையப் பக்கத்தில் வழுக்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மாற்றுவதென்றால் மடல்தான். சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் இருப்பவருக்கு இது வசதி: ஆறுதலாக எழுதி வைத்து, லைன் வந்ததும் அனுப்பலாம்.

[திரை: புது வழுவைச் சொல்வதற்கான சப்மிட் முகவரிக்கு ஒரு மடல்.]

மடலின் முதல் வரியில் பொதியின், அதாவது வழு இருக்கும் மென்பொருள் தொகுப்பின் பெயர், அடுத்ததில் பதிப்பு. தலைப்பில் அல்ல, உடலுக்குள். பிறகு ஒரு வெற்று வரி விட்டு நடந்ததை எழுதுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் எண் வரும். கச்சேரிக் கடிதத்தில் 'எமது இல.' என்று இருக்குமே, அதைப் போல. இனி எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். ஒன்று கவனம்: மடலும் உங்கள் முகவரியும் எல்லார் கண்ணிலும் படும்.

சரி, பதிவான வழுவில் மாற்றம் செய்யும் கட்டளைகள். இவை கொன்ட்ரோல் முகவரிக்குப் போகும், வரிக்கு ஒன்றாக.

[திரை: ரீஅசைன், சிவியரிட்டி, மேர்ஜ், கடைசி வரியில் தாங்ஸ்.]

நம் வழுவையே எடுப்போம். எழுத்துருவைத் திட்டி எழுதிவிட்டோம். ஆனால் கொம்பையும் காலையும் எழுத்தின் இருபுறமும் பிரித்து வைக்கும் வேலையில் ஹார்ப்பஸ் என்ற நிரல் நூலகத்துக்கும் பங்கு உண்டு. குற்றம் அங்கே என்று தெரிந்தால் ரீஅசைன் போட்டு அந்தப் பொதிக்கு மாற்றலாம். இதே வழுவை வேறொருவர் முன்பே சொல்லியிருந்தால், மேர்ஜ் போட்டு இரண்டையும் இணைக்கலாம். சிவியரிட்டி என்பது வழுவின் கடுமை, அதில் ஏழு படிகள். ஒன்றும் சொல்லாவிட்டால் நோர்மல். மேல் மூன்று படிகள் அடுத்த வெளியீட்டையே மறிக்கக்கூடியவை, ஆகவே கோபத்தில் அங்கே ஏற்றாதீர்கள். பூட்டில்லாத கதவு இது, யாரும் மாற்றலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

கடைசி வரியில் தாங்ஸ் எதற்கு? மரியாதைக்கு மட்டுமல்ல. அந்த வரியோடு இயந்திரம் வாசிப்பதை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் உங்கள் கையொப்பத்தையும் கட்டளை என்று நினைத்துக் குழம்பும்.

அப்புறம், வழுவை மூடுவது. குளோஸ் என்றொரு கட்டளை இருக்கிறது, பாவிக்காதீர்கள். எண்ணோடு ஒரு சிறு கோடும் டன் என்ற சொல்லும் சேர்ந்த முகவரிக்கு, எந்தப் பதிப்பில் எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். அந்த மடல் முறையிட்டவருக்கே போகும். காரணம் சொல்லாமல் கோப்பை மூடினால் அவருக்கு எப்படி இருக்கும்?

மூடிய பிறகு 28 நாட்கள் யாரும் எழுதாவிட்டால் வழு காப்பகத்துக்குப் போய்விடும். கொம்பு மறுபடி விலகினால் முதலில் காப்பகத்திலிருந்து எடுக்க அன்ஆர்க்கைவ், பிறகு மறுபடி திறக்க ரீஓப்பன், மறக்காமல் தாங்ஸ்.