சாத்தனூர் கல்மரமும் வேலிக்கு வெளியே இருக்கும் கடலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குப் போயிருந்தேன். அங்கே வேலிக்குள் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி. பார்த்தால் மரம், ஆனால் முழுக்கக் கல். "இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், கடலுக்குள்ள மரம் எப்படி சார் முளைச்சுச்சு?"

அங்கே வருகிற பெரியவர்கள் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. மரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மரம் அங்கே முளைக்கவில்லை. மேற்கே மேட்டு நிலத்தில் நின்றது. பூக்கும் மரங்கள் இன்றைக்குப் போலப் பரவாத காலம், ஊசியிலை மர வகைகள் ஓங்கியிருந்த காலம். எப்போதோ சாய்ந்து, ஆற்று வெள்ளத்தோடு வந்து, கடலில் மிதந்து, ஊறி, அடியில் இறங்கிவிட்டது. மட்கிப் போவதற்குள் சேறும் மணலும் மூடிக்கொண்டன. சிலிக்கா கரைந்த நீர் உள்ளே ஊறி, மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் படிந்தது. அகலிகை ஒரு சாபத்தில் கல்லாய்ச் சமைந்தாள் என்பார்கள். இந்த மரத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அதன் வயதுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 12 கோடி ஆண்டு.

1940இல் இதைக் கண்டறிந்து சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன். பிற்காலத்தில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்ற முதல் இந்தியர். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். அதனால்தான் வேலி.

சரி, கடல் எங்கிருந்து வந்தது? கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்து, அண்டார்க்டிகாவை விட்டு நம் நிலம் விலகியபோது கிழக்கு ஓரம் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் ஏறியது. சாத்தனூரிலிருந்து இன்றைய கடற்கரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அன்று அலை இங்கே அடித்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் கிடந்த அந்தக் கடல், டைனோசர்களின் காலம் முடிகிற சமயத்தில்தான் கிழக்கே வடிந்து போனது. நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்களே, அதுவும் இதே காவிரிப் படுகைதான். அங்கே வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கிற அடுக்குகளின் உறவுக்காரர்கள் இங்கே வெயிலில் கிடக்கிறார்கள்.

நான் பையனை அப்படியே காரை என்னும் ஊர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். மழை அறுத்த செம்மண் ஓடைகள், மேடும் பள்ளமுமாகக் களிமண், நடுவில் கண்ணாடிச் சில்லு போல மின்னும் ஜிப்சம். குனிந்து தேடினால் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் சிறு கற்கள். அவை பெலம்னைட் என்னும் கணவாய் இனத்தின் உள்ளோடுகள். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும் இந்த மண்ணில் உண்டு. கடலைத் தவிர வேறெங்கும் வாழாத பிராணிகள் இவை. மரம் அல்ல, இவைதான் சாட்சி.

இந்தப் பாறைகளை வரிசைப்படுத்திய புவியியலாளர் பிளான்ஃபோர்டின் அறிக்கை 1862இல் வெளிவந்தது. அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார். ஊட்டத்தூர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊர் உலகப் புவியியல் ஏடுகளில் இருப்பது தெரியும்? அடுத்து ஸ்டொலிச்கா என்பவர் இங்கே கிடைத்த சிப்பி, சங்கு, அம்மோனைட்டுகளை இனம் பிரித்துத் தொகுதி தொகுதியாக எழுதினார். 1874இல் லடாக் மலையில் இறந்து போனார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவர் தொகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். வேலிக்குள் இருப்பது கடலில் விழுந்த ஒரு விருந்தாளி. கடலோ வேலிக்கு வெளியே இருக்கிறது. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் முழுக்க அந்தக் கடலின் சிப்பிகள். அதை வெட்டி, அரைத்து, சுட்டு, சிமெண்டாக்கி மூட்டை கட்டுகிறோம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, என் வீடும் சிமெண்டில் கட்டியதுதான். ஆனால் சுரங்கம் தோண்டுமுன் அந்த அடுக்கில் ஒரு சுவரையாவது நம் பிள்ளைகள் பார்க்க விட்டுவைக்கலாம். வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று அந்தப் பெட்டி சொல்லாது.

திரும்பும் வழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் குலுங்கிக்கொண்டு போனது. ஒரு துண்டு ரோட்டில் விழுந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி அந்தப் பையன் இறங்கி ஓடி எடுத்து வந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிப்பி, கல்லோடு ஒட்டிக் கிடந்தது. "இது முளைச்சது இங்கேயேதானே சார்?" என்றான்.

ஆமாம் என்றேன்.

வணக்கம்.