அம்புக்குறி போட்ட ஃபோல்டர்

நேயர்களுக்கு வணக்கம். பழுதான கணினிகளைச் சரிசெய்வது என் தொழில். அதனால்தான் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் உண்மையான தகுதி வேறு. என் சொந்தப் படங்களையே ஒரு தடவை தொலைத்தவன் நான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பழைய லேப்டாப்பை ஃபார்மேட் செய்ய வேண்டியிருந்தது. டெஸ்க்டாப்பில் ‘படங்கள்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். தினமும் அதைத்தான் திறப்பேன். அதைப் பிடித்து இழுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் காப்பி ஆகிவிட்டது. புது டிஸ்க், நல்ல வேகம் என்று சந்தோஷம் வேறு. டிஸ்க்குக்குள் போய்த் திறந்தும் பார்த்தேன். எல்லாப் படமும் திறந்தது. சரி என்று ஃபார்மேட் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டிஸ்க்கைச் செருகி அதே ஃபோல்டரைத் திறந்தால், அப்படி ஓர் இடமே இல்லை என்கிறது விண்டோஸ். அப்போதுதான் ஐகானின் இடது ஓரத்தில் இருந்த சின்ன அம்புக்குறி கண்ணில் பட்டது. நான் காப்பி செய்தது ஃபோல்டரை அல்ல, அதன் ஷார்ட்கட்டை. வீட்டு விலாசம் எழுதிய சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வீட்டை இடித்த மாதிரி ஆயிற்று. முந்தின நாள் திறந்த படங்களெல்லாம் லேப்டாப்பிலிருந்தே திறந்தவை. அந்த ஷார்ட்கட்டின் அளவு 2 கேபிகூட இல்லை.

மீட்பு மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். அவசரமாகச் செய்யும் ஃபார்மேட்டில் எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணைதான் போகும். அதன்மேல் புதிதாக எதையாவது எழுதும்வரை பழையது அடியில் கிடக்கும். லேப்டாப்புக்குள் இருந்தது சுழலும் வகை டிஸ்க் என்பதால் கொஞ்சம் தப்பியது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் வேண்டாத இடங்களை அதுவே சத்தமில்லாமல் துடைத்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் தேறியிருக்காது. கிடைத்த படங்களும் பெயரை இழந்து வெறும் எண்களாக வந்தன. எந்த வருடம், எந்த ஊர் என்று பிரித்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. சில படங்களில் மேலே பாதி முகம் இருந்தது, கீழே பாதி வெறும் சாம்பல் நிறம்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காப்பி முடிந்ததும் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்ப்பேன். எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று காட்டும். டிஸ்க்கில் இருப்பதற்கும் அதே மாதிரி பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இன்னொரு வரி இருக்கும். அது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறு ஒரு கணினியில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்ப்பேன். அந்த ‘வேறு கணினி’தான் முக்கியம். நான் அன்றைக்கு அதைச் செய்திருந்தால் ஒரே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அடுத்து, எதையெல்லாம் எடுப்பது? டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பிரவுசரில் வருடக்கணக்காகச் சேர்த்த புக்மார்க், அவுட்லுக்கில் இறக்கி வைத்த பழைய மின்னஞ்சல்கள், கணக்கு எழுதும் மென்பொருள் தனக்கென்று ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும் ஃபைல்கள் – இவை ஃபார்மேட் ஆன பிறகுதான் ஞாபகம் வரும். அவுட்லுக் மாதிரியானவற்றை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். திறந்திருக்கும் ஃபைல் சில நேரம் காப்பி ஆகாது, அப்படியே ஆனாலும் அரைகுறையாக இருக்கலாம். இன்னொன்று, ஃபைலின் பக்கத்தில் மேகம் போல ஒரு குறி இருந்தால் அது உங்கள் கணினியிலேயே இல்லை, இணையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை எந்த முறையில் ஃபார்மேட் செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபியைத் தொடும் ஒரே ஃபைலை அது ஏற்காது. நீளமான வீடியோ ஒன்று காப்பி ஆகாமல் மல்லுக்கட்டினால் முதலில் இதைப் பாருங்கள். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

என்னிடம் வருகிறவர்களில் அதிகம் வருத்தப்படுகிறவர்கள் யார் தெரியுமா? பேக்கப்பே எடுக்காதவர்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, ‘எல்லாம் எக்ஸ்டர்னலில்தான் சார் இருக்கு, லேப்டாப்பில் இடம் இல்லையென்று அழித்துவிட்டேன்’ என்று சொல்கிறவர்கள்தான். அது பேக்கப் இல்லை, குடிமாற்றம். பை ஒன்றில் போட்டுக்கொண்டு அலையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. படிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் அதன்மேல் பறக்கிறது. ஒரு தலைமுடியின் கனம் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசும். டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே கழற்றி வையுங்கள். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்கிற ஒவ்வொரு தடவையும் முனை தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டலாம்.

கையால் காப்பி செய்ய அலுப்பாக இருந்தால், விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி என்று ஒன்று உண்டு, மேக்கில் 2007 முதல் டைம் மெஷின். டிஸ்க் செருகியிருந்தால் இரண்டும் மணிக்கு ஒரு தடவை மாறியதை எடுத்துக்கொள்ளும், பழைய வடிவங்களையும் விட்டு வைக்கும். இது பெரிய வசதி. ஒரு கட்டுரையில் பாதியை அழித்து சேவ் செய்ததை மூன்று நாள் கழித்துத்தான் கவனிக்கிறீர்கள் என்றால், போன வார வடிவம் அங்கே இருக்கும். இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்படி ‘மிரர்’ செய்யும் மென்பொருள்களில் இது நடக்காது. இங்கே அழித்தால் அங்கேயும் அழித்துவிட்டு, வேலையைச் சரியாக முடித்ததாகச் செய்தி வேறு காட்டும்.

அதற்காக டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கலாமா என்றால், கூடாது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற பணயத் தீநிரல், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவியது. கணினியில் இருந்ததோடு நிற்காமல், அதில் செருகியிருந்த டிஸ்க்குகளில் இருந்த ஃபைல்களையும் அது பூட்டிப் போட்டது. மின்னழுத்தம் தாறுமாறாக எகிறினாலும் லேப்டாப்போடு சேர்ந்து டிஸ்க்கும் போகலாம். வேலை முடிந்ததும் முறையாக எஜெக்ட் கொடுத்துக் கழற்றுவதுதான் நல்லது.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு இருக்கிறது, 3-2-1 என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நான் இதை என் சோம்பலுக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டேன். லேப்டாப் தவிர இரண்டு டிஸ்க். ஒன்றின் மேல் ‘ஒற்றை’ என்றும் மற்றதன் மேல் ‘இரட்டை’ என்றும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஜனவரி, மார்ச், மே என்று ஒற்றைப்படை மாதங்களில் முதல் டிஸ்க். பிப்ரவரி, ஏப்ரல் என்று இரட்டைப்படை மாதங்களில் அடுத்தது. வேலை இல்லாத டிஸ்க் என் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கும். மாதம் ஒரு தடவை மாற்றப் போவதால் அண்ணனைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. படம் ஏற்றிக் கொடு என்று யாராவது கேட்டால் அவர்களுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ். இந்த இரண்டையும் கொடுப்பதில்லை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

அந்தப் பாதி சாம்பல் நிறப் படங்களை நான் அழிக்கவில்லை. இன்றைக்கு அவையும் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கின்றன. வணக்கம்.