ஒரு ஸ்வரமும் மாறவில்லை

எல்லோருக்கும் வணக்கம்.

1904 பிப்ரவரி 17. இத்தாலியில் மிலான் நகரத்து லா ஸ்கலா அரங்கம். புச்சினி இசையமைத்த ‘மடாமா பட்டர்ஃப்ளை’ என்ற இசைநாடகம் முதல் முறையாக மேடை ஏறுகிறது. புச்சினி அப்போதே பெரிய பெயர். ஆனாலும் அன்றைக்குக் கூட்டம் கூச்சல் போட்டது, சீட்டி அடித்தது, கேலி செய்தது. ஒரே இரவோடு புச்சினி நாடகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து திருத்தினார். நீளமாகக் கிடந்த இரண்டாம் அங்கத்தைப் பிரித்தார், சில இடங்களை வெட்டினார், ஒரு புதுப் பாட்டைச் சேர்த்தார். அந்தப் புதுப் பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். மே 28-ஆம் தேதி பிரெஷியா நகரத்தில் மறுபடி மேடையேற்றினார்கள். இந்த முறை கைதட்டலும் ‘இன்னொரு தரம்’ என்ற கூவலும்தான்.

மூன்றே மாதத்தில் ரசிகர்களின் கருத்து தலைகீழானது. ஏனென்றால் புச்சினி இசையை மாற்றினார்.

அந்த நாடகத்தில் வரும் ஓர் ஆளின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு 1996 செப்டம்பர் 24-ஆம் தேதி அமெரிக்காவில் ஓர் ஆல்பம் வெளியானது. வீசர் என்ற ராக் குழுவின் ‘பிங்கர்டன்’. அதையும் கேட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். பிறகு அதே ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இங்கே ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. அதே பத்துப் பாட்டு, அதே முப்பத்தைந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம். இந்த விஷயம் பல வருடங்களாக என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வீசர் 1992-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய குழு. பாடல்களை எழுதிப் பாடுபவர் ரிவர்ஸ் குவோமோ. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் கனெக்டிகட் மாநிலத்தில் யோகாவில் என்ற ஆசிரமத்தை நிறுவினார். குவோமோவின் சிறுவயது அங்கேதான் கழிந்தது. அவ்வளவு அமைதியான இடத்தில் வளர்ந்த பையன் பின்னால் இத்தனை இரைச்சலான கிதாரைக் கையில் எடுத்தார் என்று முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

1994-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குத் தனிப்பெயர் கிடையாது. அட்டை நீல நிறம் என்பதால் ‘நீல ஆல்பம்’ என்றே எல்லோரும் சொல்வார்கள். தயாரித்தவர் கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக். பளபளவென்று துடைத்து வைத்த மாதிரி ஒலி. அதில் உள்ள ‘படி ஹாலி’ என்ற பாட்டின் வீடியோவை உங்களில் சிலர் உங்களுக்கே தெரியாமல் பார்த்திருப்பீர்கள். விண்டோஸ் 95 சி.டி.யில் அந்த வீடியோ இருந்தது. பழைய அமெரிக்க டி.வி. தொடர் ஒன்றின் காட்சிகளுக்குள் நான்கு இளைஞர்கள் நின்று பாடுவார்கள். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். யார் பாடுகிறார்கள் என்று தெரியாது. கேட்டால் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்கும் வீசர் என்றால் அந்தச் சந்தோஷம்தான். அடுத்த ஆல்பத்துக்காகக் காத்திருந்தவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

குவோமோ அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கால் குட்டை. 1995-ல் அதை நீட்டுவதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். காலைச் சுற்றி இரும்புச் சட்டம், எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீட்டும் மாதக்கணக்கான வலி. அந்தக் காலோடு, கையில் ஊன்றுகோலோடு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ராக் நட்சத்திரம் வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. விண்வெளியில் நடக்கும் ஓர் இசைநாடகமாக இரண்டாவது ஆல்பத்தைச் செய்யத் திட்டமிட்டிருந்தார். அதைக் கைவிட்டார். கற்பனைக் கதை போய், தன் தனிமையையும் ஆசையையும் அசிங்கத்தையும் அப்படியே எழுத ஆரம்பித்தார். அப்போது அவர் கேட்டுக்கொண்டிருந்தது புச்சினியை.

இந்த முறை வெளித் தயாரிப்பாளர் வேண்டாம் என்று குழுவே தயாரித்தது. பாடியவர்கள் மைக்குகளைச் சுற்றி ஒன்றாக நின்று பாடினார்கள். குரல் பிசிறினால் பிசிறியதுதான். கிதாரின் ஊளை பல இடங்களில் நிற்கவே நிற்காது. டிரம்ஸ் பக்கத்து அறையில் யாரோ கதவை உடைப்பது போல விழும். அதற்கு நடுவே மெட்டுகள் மட்டும் அத்தனை இனிமை. அந்த இனிமையும் அந்த ஊளையும் ஒன்றோடொன்று சண்டை போடுவதுதான் என் காதில் இந்த ஆல்பத்தின் உயிர்.

சரி, கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

வெளியாவதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல். பிங்கர்டன் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு பெரிய பாதுகாப்பு நிறுவனம் உண்டு. பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று அது நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நிற்கவில்லை. ஆல்பம் பில்போர்டு என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 19-வது இடத்தைத் தொட்டதோடு சரி, அப்புறம் இறங்கிவிட்டது. முதலில் வந்த ‘எல் ஸ்கார்ச்சோ’ பாட்டை வானொலி நிலையங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்லதாக எழுதிய விமர்சகர்களும் இருந்தார்கள். ஆனால் காதல், உறவு பற்றிய வரிகள் சிறுபிள்ளைத்தனமானவை என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எழுதியது. அதன் வாசகர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வருடத்தின் மிக மோசமான ஆல்பங்களில் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பின்னாளில் இதைச் சொல்லும் எல்லோரும் அந்த வாசகர்களைக் காது கேளாதவர்கள் போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். முதல் பாட்டு என்ன? நட்சத்திரமாகி நினைத்தபடி பெண்கள் கிடைத்தும் மனசு காலியாக இருக்கிறது என்று ஓர் ஆள் அலறுவது. இன்னொரு பாட்டில், தான் மணம் முடித்து வாழ நினைத்த பெண் பெண்களைத்தான் விரும்புகிறவள் என்று தெரிந்து அவர் உடைந்து போகிறார். கம்ப்யூட்டரில் சிரித்த முகத்தோடு பாடிய பையனைத் தேடி வந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவன் எதிரில் ஒருவர் அழ ஆரம்பித்தால், முதலில் எழுந்து போகத்தான் தோன்றும். அவர்களை உறுத்தியது எதுவோ அது உண்மையாகவே அந்தப் பாட்டுகளில் இருக்கிறது.

ஆனால் ஒன்று. ரசிகர் சொல்லும் கருத்து காற்றில் கரைவதில்லை. அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. தன் நாட்குறிப்பைத் திறந்து காட்டிய மனிதனிடம் ‘இதை எதற்கு எங்களிடம் காட்டினாய்’ என்று நாடே கேட்டது போல ஆயிற்று. 1998-ல் பேஸ் கிதார் வாசித்த மேட் ஷார்ப் குழுவை விட்டு விலகினார். குவோமோ ஓர் அறையில் சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, ஜன்னலில் வெளிச்சம் வராமல் மூடிக்கொண்டு கிடந்தார். 2001-ல் அடுத்த ஆல்பம் வந்தபோது மறுபடி ஒகாசெக்கே தயாரிப்பாளர், மறுபடி சுத்தமான ஒலி, வரிகளில் சொந்தக் கதை அநேகமாக இல்லை. ‘பிங்கர்டன்’ ஒரு வலி மிகுந்த தவறு என்கிற அளவுக்கு அப்போது பேட்டியில் சொன்னார். எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருவது இதுதான். அந்தத் திறந்த மனசோடு அவர் எழுதியிருக்கக்கூடிய மூன்றாவது ஆல்பம் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

அவர் அந்த இருட்டறையில் இருந்த வருடங்களில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்து வாங்கிக் கேட்டார்கள். அவர்களுக்கு யாரும் விளம்பரம் செய்யவில்லை. நீல ஆல்பத்தின் தொடர்ச்சி என்ற எதிர்பார்ப்பும் பலருக்கு இல்லை. இரவில் தனியாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். கேட்ட இடம் மாறியதும் அதே குரல் வேறு மாதிரி ஒலித்தது. கும்பலில் கேட்டால் கூச்சமாக இருக்கும் ஒரு வாக்குமூலம், தனியாகக் கேட்டால் ‘என்னைப் போல இன்னொருவன்’ ஆகிவிடுகிறது. அவர்களில் சிலர் கிதார் எடுத்தார்கள், குழு அமைத்தார்கள். ஈமோ என்று பின்னால் பெயர் பெற்ற இசைவகையில் வந்த பலரும் இந்த ஆல்பத்தைத் தங்கள் பாடப்புத்தகம் போலச் சொன்னார்கள்.

2000-ல் குழு மறுபடி மேடை ஏறியபோது, தோற்றுப்போன ஆல்பம் என்று குழுவே நினைத்த ஆல்பத்தின் பாட்டுகளைக் கூட்டம் வரிக்கு வரி கூடவே பாடியது. 2002-ல் அதே ரோலிங் ஸ்டோன், அதே வாசகர் வாக்கெடுப்பு. எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களில் 16-வது இடம் ‘பிங்கர்டனுக்கு’. 2004-ல் பத்திரிகையும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 2010-ல் விரிவான பதிப்பு வந்தபோது பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் பத்துக்குப் பத்து போட்டது. அந்த வருடச் சுற்றுப்பயணத்தில் முதல் நாள் நீல ஆல்பம், மறுநாள் ‘பிங்கர்டன்’ என்று முழுதாக வாசித்தார்கள். குவோமோவும் தன் பழைய வார்த்தையை விட்டுவிட்டு, இது துணிச்சலான ஆல்பம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். வெளியாகி இருபது ஆண்டு ஆன 2016-ல்தான் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிக்கான பிளாட்டினம் சான்று கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் பேச வந்திருக்க மாட்டேன். மூன்றாவது கருத்து ஒன்று இருக்கிறது.

என் அக்கா மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளிடம் இந்த ஆல்பத்தைக் கொடுத்து, எனக்கு உயிரான பாட்டு என்று ‘அக்ராஸ் த ஸீ’யைப் போட்டுக் காட்டினேன். ஜப்பானிலிருந்து பதினெட்டு வயது ரசிகை ஒருத்தி குவோமோவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த பாட்டு அது. அவள் பள்ளிக்கு என்ன உடை போட்டுப் போவாள், அறையை எப்படி அலங்கரித்திருப்பாள் என்று கற்பனை செய்கிறார். கடித உறையை முகர்ந்து உருகுகிறார். அதற்கு மேலும் போகிறார். பாட்டு முடிந்ததும் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, அந்தப் பொண்ணு கடிதத்துல என்ன கேட்டிருந்தா? அதுக்கு இவரு பதில் போட்டாரா?”

இருபது வருடமாகக் கேட்கிறேன், எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. அவருடைய தனிமைதான் என் காதில் விழுந்தது, அந்தப் பெண் விழவில்லை. இன்றைக்கு இளைய ரசிகர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆசியப் பின்னணி உள்ளவர்கள், இதைத்தான் சொல்கிறார்கள். ‘எல் ஸ்கார்ச்சோ’ பாட்டும் பாதி ஜப்பானிய வம்சாவளிப் பெண்களைப் பற்றிய புலம்பலோடுதான் ஆரம்பிக்கிறது. இங்கே பெண் ஒரு மனுஷி இல்லை, தூரத்து ஆசை மட்டும் என்கிறார்கள். 1996-ல் ரோலிங் ஸ்டோன் சொன்ன ‘சிறுபிள்ளைத்தனம்’ என்ற சொல்லைவிட இது கூர்மையானது. இந்த இளைய ரசிகர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். அதற்காக அந்தப் பாட்டின் மெட்டு என் நெஞ்சை அறுப்பதும் நின்றுவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன்.

அக்கா மகள் கேட்டதற்குப் பிறகுதான் அட்டையைச் சரியாகப் பார்த்தேன். ஹிரோஷிகே வரைந்த ஜப்பானிய ஓவியம். கம்பாரா என்ற ஊரில் பனி கொட்டும் இரவு, குனிந்து நடக்கும் மூன்று பேர். மேலே பெயர், பிங்கர்டன். நாடகத்தில் பிங்கர்டன் யார்? அமெரிக்கக் கடற்படை அதிகாரி. நாகசாகியில் சோ-சோ-சான் என்ற பதினைந்து வயதுப் பெண்ணை மணந்துவிட்டுக் கப்பலேறிப் போகிறவன். அவள் குழந்தையோடு மூன்று வருடம் துறைமுகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாள். அவன் அமெரிக்க மனைவியோடு வந்து குழந்தையைக் கேட்கிறான். அவள் உயிரை விடுகிறாள். ஆல்பத்துக்கு அந்தப் பெண்ணின் பெயரை வைக்கவில்லை குவோமோ, அந்த ஆளின் பெயரை வைத்தார். அதாவது, இதில் பேசுகிறவன் கெட்டவன் என்று அட்டையிலேயே எழுதியிருந்தார். இளைய ரசிகர்கள் இன்று கண்டுபிடித்துச் சொல்வது கடைக்கு வந்த முதல் நாளே அட்டையில் அச்சாகியிருந்தது. வெறுத்தவர்கள் அதைப் படிக்கவில்லை. உருகிக் கேட்ட நானும் படிக்கவில்லை.

முதலில் நினைவில் வைக்கச் சொன்னேனே, பிரெஷியாவுக்காகப் புச்சினி சேர்த்த புதுப் பாட்டு. அது பிங்கர்டன் பாடுவது. மிலானில் அவனுக்கு அந்தப் பாட்டு கிடையாது. கூட்டம் கூச்சல் போட்ட பிறகுதான் அந்த வீட்டைப் பார்த்து நின்று விடைபெற்று வருந்துவதற்கு அவனுக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. வருந்திவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வெளியேறிவிடுகிறான்.

‘பிங்கர்டன்’ ஆல்பத்தின் பத்தாவது பாட்டின் பெயர் ‘பட்டர்ஃப்ளை’. ஒன்பது பாட்டு இரைச்சலுக்குப் பிறகு மின்கிதார் இல்லை, சாதாரணக் கிதாரோடு ஒரு குரல். ஒரு பையன் அம்மாவின் கண்ணாடி ஜாடியை எடுத்துப்போய் வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பிடித்து வருகிறான். மறுநாள் எழுந்து பார்த்தால் அது வாடிக் கிடக்கிறது. மன்னிப்புக் கேட்கிறான், கேட்டபடியே விலகியும் போகிறான். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன். தம்பி, அந்தப் பாட்டைப் போடுங்கள்.