மலையிலிருந்து இறங்கும் எடை

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மேற்கு மாம்பலத்துக்காரன். அதற்கு முன் இரண்டு தவணையாக ஆறு ஆண்டுகள் நீலகிரியில் இருந்தேன். அந்த மாவட்டத்தின் தொழில் வாய்ப்புகள் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "ஊட்டியில என்ன தாத்தா தொழில்? சாக்லேட்டும் லாட்ஜும்தானே" என்றாள் பேத்தி. தையல் பெட்டியைத் திறந்து ஓர் ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் கேத்திக்குப் பக்கத்தில் எல்லநள்ளி என்று ஓர் ஊர். அங்கே 1949 முதல் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. போனி என்ற பெயரில் நம் வீடுகளுக்கு வரும் ஊசி அங்கே செய்வதுதான். மலை உச்சியில் கொண்டுபோய் யாராவது ஊசி செய்வார்களா என்று நானும் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. யோசித்தால் விடை எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது; அந்த முனகலுக்கெல்லாம் சேர்த்துத்தான் வாடகை. அரிசி மூட்டைக்கு அந்த வாடகை சுமை. ஊசிக்கு? ஒரு லாரி நிறைய ஊசி இறங்கினால், ஓர் ஊசியின் மேல் விழும் வாடகை பைசாக் கணக்கில்கூட வராது.

மலையில் தொழில் தொடங்கலாமா என்று என்னிடம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னது இந்தக் கணக்கைத்தான். எடை குறைந்து, விலை கூடி இறங்குகிற பொருளாகப் பாருங்கள் என்பேன்.

மலைக்குப் பெரிய தொழிற்சாலைகளும் வந்திருக்கின்றன. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை 1904-இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. 1960-இல் ஊட்டிக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இப்போது இல்லை. தூசியில்லாத, குளிர்ந்த காற்று ஃபிலிம் செய்யத் தோதானது. எக்ஸ்ரே ஃபிலிம், கருப்பு வெள்ளை ஃபிலிம் என்று 'இந்து' பெயரில் நாடு முழுக்கப் போனது. அதைச் சுற்றி இந்து நகர் என்று ஒரு குடியிருப்பே எழுந்தது. அப்புறம் வண்ண ஃபிலிம் வந்தது, டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் சுருளுக்கே உலகத்தில் வேலையில்லாமல் போனது. அதற்கு மலை என்ன செய்யும்? ஆனால் ஒரே வாசலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தால் அது மூடும்போது என்ன ஆகும் என்பதை அந்தக் குடியிருப்பில் நடந்து பார்த்திருக்கிறேன். பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் போதும் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு அந்த வீதிகள்தான் கண்ணில் வரும்.

சரி, தேயிலைக்கு வருவோம்.

ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைத் தேயிலை ஒரு கிலோ தூளாகிறது. நம் எடைக் கணக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகிற பயிர். படுகர் ஹட்டிகளிலும் மற்ற ஊர்களிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர். அவர்களுக்காகவே 1960-களில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன; அவற்றின் இணையம்தான் இண்ட்கோசர்வ். சென்னை ரேஷன் கடையில் ஊட்டி டீ என்று ஒரு பொட்டலம் தருகிறார்களே, அது அந்தக் கொழுந்துதான். இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வாழ்வு தருவதற்காக 1968-இல் தொடங்கியது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம். இவை தவிர, விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் தனியார் ஃபேக்டரிகள் நூற்றுக்கும் மேல்.

இவ்வளவு இருந்தும் பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாயைத் தாண்டாத மாதங்கள் எத்தனையோ. பறிக்கிற கூலி, உரம், வண்டி வாடகை போக விவசாயி கையில் நிற்பது சொற்பம். ஏன் இப்படி? மலையில் பெரும்பாலும் செய்வது சிடிசி தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. நம் ஊர் டீக்கடை மாஸ்டருக்கு அதுதான் வேண்டும்: பாலில் போட்டால் நிறம் பிடிக்க வேண்டும், ஒரு கிலோவுக்கு நிறைய கிளாஸ் வர வேண்டும். நான் அதைக் குறை சொல்லவில்லை, தினமும் இரண்டு வேளை குடிப்பவன்தான். ஆனால் அந்தச் சந்தையில் நீலகிரித் தூள் மற்ற ஊர்த் தூள்களோடு மூட்டை மூட்டையாகக் கலந்து, யாரோ ஒருவருடைய பெயரில் பொட்டலமாகிறது. பெயர் வைப்பவர் கையில்தான் லாபம்.

அதே மலையில் அதே செடியில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் செடி மெதுவாக வளர்கிறபோது பறிக்கிற இலைக்குத் தனி மணம் உண்டு. அதை நசுக்காமல் முறுக்கி உலர்த்தினால் ஆர்தடாக்ஸ் தேயிலை. நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. அது ஏதோ ஒருமுறை அடித்த அதிர்ஷ்டம்தான், எல்லா நாளும் அந்த விலை வராது. ஆனாலும் 20 ரூபாய் எங்கே, 600 டாலர் எங்கே! இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. ஒரு சின்ன உலர்த்தி, ஒரு முறுக்கும் இயந்திரம், இலை பறிக்கும்போதே தரம் பார்க்கிற பழக்கம் என்று பத்துப் பேர் சேர்ந்தால் அதில் இரண்டு படி ஏறலாம். அப்படி ஏறிய சிறு ஃபேக்டரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எடைக் கணக்கில் தேயிலையையும் தோற்கடிக்கிற தொழில் ஒன்று உண்டு. நீலகிரித் தைலம்.

ஊட்டியைச் சுற்றிச் சோலைகளுக்குள் தைலம் காய்ச்சும் கொட்டகைகள் இருக்கும். கண்ணால் தேட வேண்டாம், மூக்கே வழி சொல்லிவிடும். கற்பூர மரம் என்று அங்கே சொல்கிற யூகலிப்டஸ் மரத்தின் கீழே உதிர்ந்த இலையைப் பெண்கள் சாக்கில் கட்டித் தலையில் கொண்டுவந்து போடுவார்கள். ஆள் உயரக் கொப்பரையில் இலையைக் கொட்டி, ஒருவர் உள்ளே இறங்கி மிதித்து அமுக்குவார். தண்ணீர் விட்டு, மூடியின் ஓரத்தை மண் குழைத்துப் பூசி அடைப்பார்கள். அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை; முந்தின தடவை வெந்த இலையே காய்ந்து விறகாகிறது. ஆவி ஒரு குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து குளிர்ந்து, மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் கீழே தங்க, தைலம் மேலே மிதக்கும். அதை மட்டும் வடித்து எடுத்துக்கொள்வார்கள். 100 கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். இதைவிட எடை குறைக்கிற தொழில் எங்கே இருக்கிறது?

ஆனால் காய்ச்சுகிறவர் அதைக் கேனில் ஊற்றி வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அதில் வெளியிலிருந்து வரும் மலிவு எண்ணெய் எவ்வளவு கலக்கிறது என்பது கலப்பவருக்குத்தான் தெரியும். நல்ல தைலத்துக்கும் கலப்படத்துக்கும் கடையில் ஒரே பாட்டில், ஒரே படம். ஊருக்குப் பொதுவாக ஒரு சோதனைக் கருவியும், யார் காய்ச்சியது என்று சொல்கிற ஒரு லேபிளும் இருந்தாலே அந்தக் கொட்டகைக்காரரின் வருமானம் மாறும் என்று நான் அந்தக் காலத்தில் குறிப்பு எழுதினேன். குறிப்பு ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர் கேரட். நாம் கோயம்பேட்டில் ஊட்டி கேரட் என்று வாங்குவதை அங்கே பாலாடா போன்ற ஊர்களில் இயந்திரத்தில் கழுவி, சாக்கில் கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். தோண்டின எடை அப்படியே இறங்குகிறது. விலை விழுந்தால் தாங்க ஒன்றும் இல்லை.

இதுவரை நான் பேசியது நீலகிரியின் கிழக்குப் பாதி. எல்லை மாவட்டம் என்ற சொல்லின் அர்த்தம் தெரிய வேண்டுமானால் மேற்கே கூடலூர், பந்தலூர் போக வேண்டும். ஒரு பக்கம் கேரளம், ஒரு பக்கம் கர்நாடகம். பந்தலூர்க்காரருக்கு ஊட்டியைவிட சுல்தான் பத்தேரி பக்கம். மிளகு விலையை வயநாட்டில்தான் விசாரிப்பார். மைசூர்ப் பக்கம் சரக்கு அனுப்ப வேண்டுமானால் பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். யானைக்கும் புலிக்கும் அந்த நேரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 15 ஆண்டுக்கு மேலாக இருக்கிற தடைதான். அதை வைத்துத்தான் லாரி நேரத்தைத் திட்டமிட வேண்டும்.

எல்லையைவிடப் பெரிய முட்டுக்கட்டை பட்டா. கூடலூர்ப் பகுதியின் பெரும் நிலப்பரப்பு ஒரு காலத்தில் கேரளத்தின் நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். அந்த ஜன்ம உரிமையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1969-இல். ஆனால் குத்தகையில் இருந்த நிலங்கள், சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சொல்லப்பட்டவை, பல பத்தாண்டுகளாக வழக்கிலும் இழுபறியிலும் கிடக்கின்றன. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்பவர் கையில் பட்டா இல்லை.

கூடலூருக்கு வெளியே ஒரு மகளிர் குழு. இஞ்சியைச் சுக்காக்கவும் மிளகைச் சுத்தம் செய்யவும் சின்ன உலர்த்தி வாங்க ஆசைப்பட்டார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மலைப்பகுதியும் எல்லைப்பகுதியும் சிறப்புப் பிரிவில் வரும். தன் கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம். சிறு கடன், அடமானமும் கேட்கக் கூடாது. எல்லாம் சரி. இயந்திரத்தை எங்கே வைப்பீர்கள் என்று வங்கியில் கேட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் என்றார் குழுத் தலைவி. நிலத்துக்கு ஆதாரம்? மின் இணைப்பு? அவரிடம் இருந்தது வரி ரசீதும் ரேஷன் கார்டும்தான். "சார், எங்க பாட்டி புதைச்ச இடமும் அங்கதான் இருக்கு. அதுவும் ஆதாரம் ஆகாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கடைசியில் பஜாரில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார்கள். லாபத்தில் பாதியை வாடகை தின்றது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவுக்கு முன் இன்னொரு குழுவுக்கு நான் பரிந்துரை செய்தது வெயிலில் உலர்த்தும் களம். கோயம்புத்தூரில் யாரோ தயாரித்த திட்ட அறிக்கையை அப்படியே நம்பிவிட்டேன். கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் ஜூன் மாதம் மழை இறங்கினால் வாரக் கணக்கில் சூரியனையே பார்க்க முடியாது. இஞ்சியில் பூஞ்சை பூத்தது, எனக்கு வெட்கம் வந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர்கூட 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். சமவெளி அறிக்கை அங்கே எப்படி வேகும்?

நல்ல செய்தியும் உண்டு. முதுமலைப் பக்கம் காட்டையே மூடிக்கொண்டிருக்கும் களை உண்ணிச்செடி. கூடலூர்ப் பகுதியின் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் அதன் தண்டை வேகவைத்துத் தோலுரித்து, வளைத்துக் கட்டி, அசல் அளவில் யானைகள் செய்தார்கள். அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. எடை குறைந்த பொருளே மலைக்கு ஆகும் என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யானை வந்து என் கணக்கைக் கெடுத்துவிட்டது! கோத்தகிரியில் பழங்குடியினரே உரிமையாளர்களாக இருக்கும் ஆதிமலை என்ற உற்பத்தியாளர் நிறுவனம் 2013 முதல் தேனையும் சிறுதானியத்தையும் தாங்களே பதப்படுத்தித் தங்கள் பெயரில் விற்கிறது. தோடர் பெண்கள் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் பூத்தையலுக்கும் அதே 2013-இல் புவிசார் குறியீடு. நாம் பின்பக்கம் என்று நினைக்கிற மேடுதட்டிய பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம் என்பது தெரியாமல் சென்னைக் கடைகளில் திருப்பி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வர்க்கியும் சாக்லேட்டும் சுற்றுலாவோடு போகிறவை. 2024 மே முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், 2025 கோடையில் நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கடைக்காரர்களுக்குக் கோபம். எனக்கு அந்த வரம்பு சரி என்றே படுகிறது. ஆள் ஏறி வந்து வாங்க வேண்டிய பொருள் கொஞ்சம் இருக்கட்டும். பொருளே இறங்கிப் போகிற தொழில்தான் பெருக வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குன்னூர் போனேன். திரும்பும்போது பழைய கொட்டகைக்காரர் ஒரு பாட்டில் தைலம் கொடுத்தார். அவரே காய்ச்சியது, சொட்டுக் கலப்படம் இல்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். பாட்டில் மூடி சரியில்லை. ராத்திரி கசிந்து என் சட்டை, துண்டு எல்லாம் தைலம். அரக்கோணம் வரும்போது பெட்டி முழுக்க மணம். யாரும் திட்டவில்லை. எதிர்ப் படுக்கையில் இருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "கடையில வாங்குறது இப்படி இருக்கறதில்லையே. எங்க கிடைக்கும்? போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.

பாட்டிலைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன். அதன்மேல் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

வணக்கம்.