கூடுதல் தாய்ப்பாலைத் தானம் கொடுப்பது எப்படி? கறக்குறதுல இருந்து வங்கி வரைக்கும்

[திரை: சின்ன சிரிஞ்சு, கிட்டத்துல. உள்ள வெளிர்மஞ்சள் பால். ரெண்டு மில்லி கோட்டைத் தொடல.]

குரல்:
ஒரு கிலோ எடையில குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு ஒரு வேளைப் பால் இவ்வளவுதான். ஒன்றரை மில்லி, மிஞ்சிப்போனா ரெண்டு. வாய் வழியா வயித்துக்கு இறக்கின மெல்லிசுக் குழாயில, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதல் நாள் மொத்தக் கணக்கே 20 மில்லிதான். குழந்தை தாங்குறதைப் பார்த்துப் பார்த்து, கிலோவுக்கு 150 மில்லிக்கு மேல கொண்டு போவாங்க.

அதனால "எனக்கு அவ்வளவா வராதே"னு நினைக்காதீங்க. சுத்தமா எடுத்து, குளிர் விடாம வந்து சேர்ந்த 30 மில்லிக்கு இருக்கிற மதிப்பு, எப்படி வெச்சிருந்தாங்கன்னு தெரியாத அரை லிட்டருக்குக் கிடையாது. தாய்ப்பால் வங்கியில பாலைக் கீழே ஊத்துறாங்கன்னா, அளவு குறைஞ்சதுக்காக இல்ல. அதுக்கான காரணங்களைத்தான் இந்த வீடியோவுல ஒவ்வொண்ணா பார்க்கப் போறோம்.

[திரை: இன்குபேட்டருக்குள்ள குழந்தையோட கால். முகம் வேண்டாம்.]

குரல்:
முதல்ல, இந்தப் பால் யாருக்கு? 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்தவங்க, ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ இருக்கிறவங்க, இவங்களுக்குத்தான் முன்னுரிமை. இந்தக் குழந்தைகளோட குடல் இன்னும் முதிரல. பவுடர் பால் கொடுத்தா, குடல் திசு அழுகிப் போற நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ்ங்கிற நோய் வர வாய்ப்பு கூடும். தாய்ப்பால் அந்த வாய்ப்பைக் குறைக்குது.

இங்க ஒண்ணைத் தெளிவா சொல்லிடணும். தானப்பால் ஒரு பாலம், அவ்வளவுதான். குறைமாசத்துல பெத்த அம்மாவுக்குச் சுரக்குற பால்ல புரதம் கூடுதலா இருக்கும். அஞ்சாறு மாசக் குழந்தையோட அம்மா கொடுக்கிற பால்ல அவ்வளவு இருக்காது. அதனால பெத்தவளுக்குப் பால் ஊறுற வரைக்கும்தான் தானப்பால். ஊறினதும் அவ பாலுக்கே மாத்திடுவாங்க.

இந்தியாவுல இது புதுசும் இல்ல. 1989-ல மும்பை சயான் ஆஸ்பத்திரியில டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முதல் வங்கியை ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்லயும் அப்புறம் வந்தது.

[திரை: எடை மிஷின்ல குழந்தை. பக்கத்துல ஈரத்துணி நாலைஞ்சு, கொடியில.]

குரல்:
கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க பிள்ளையைப் பாருங்க. பொறந்த வாரம் எடை கொஞ்சம் இறங்கும். ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடைக்குத் திரும்பியிருக்கணும். அதுக்கப்புறம் நாளைக்கு 20-ல இருந்து 30 கிராம் ஏறணும். ஒண்ணுக்கு ஆறு தடவைக்குக் குறையாம போகணும். இதெல்லாம் சரியா இருந்து, குடிச்சு முடிச்ச பிறகும் மார்பு கனமா இருந்தாத்தான் அது கூடுதல் பால். தானம் கொடுக்கணும்னே மணிக்கொரு தடவை பம்ப் வெச்சு இழுக்காதீங்க. எடுக்க எடுக்க உடம்பு கூடுதலா உற்பத்தி பண்ணும். கடைசியில பால் கட்டிக் காய்ச்சல்ல போய் நிக்கும்.

குழந்தையை இழந்த அம்மாக்களும் சிலர் கொடுக்கிறாங்க. அவங்களே கேட்டா மட்டும் வழி சொல்லுங்க. நாமளா போய்ப் பேச்சை எடுக்க வேண்டாம்.

[திரை: தாய் சேய் நலப் புத்தகம், ரத்தப் பரிசோதனைப் பக்கம்.]

குரல்:
அடுத்தது ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ். கர்ப்ப காலத்துல பார்த்த முடிவு உங்க புத்தகத்துலயே இருக்கும், கையோட கொண்டு போங்க. பார்த்து ஆறு மாசம் தாண்டியிருந்தா பெரும்பாலும் திரும்ப எடுப்பாங்க. சந்தேகப்பட்டு இல்ல. தொற்று வந்த உடனே சோதனையில தெரியாது, நடுவுல சில வாரம் மறைஞ்சு நிக்கும். அதுக்காகத்தான். எச்.ஐ.வி. சோதனையை அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல காசில்லாமப் பார்க்கலாம்.

காசநோய் சிகிச்சையில இருக்கிறவங்க, புகையிலையோ மதுவோ எடுக்கிறவங்க, கொஞ்ச காலத்துக்குள்ள ரத்தம் ஏத்திக்கிட்டவங்க, புற்றுநோய் மருந்து சாப்பிடுறவங்க கொடுக்க முடியாது. மார்புல பால் கட்டிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, காம்பு வெடிச்சு ரத்தம் கசிஞ்சாலோ, ஆறுற வரைக்கும் தானத்தை நிறுத்துங்க. உங்க பிள்ளைக்குக் கொடுக்கிறதை அதுக்காக நிறுத்த வேண்டாம்.

மருந்து பத்திக் கேக்கும்போதுதான் நம்ம ஊர்ல ஒரு விஷயம் விட்டுப்போகும்.

[திரை: சுகாதார செவிலியரும் இளம் தாயும், வீட்டுத் திண்ணையில.]

செவிலியர்: மருந்து ஏதும் குடிக்கியா மக்களே?

தாய்: ஒண்ணும் இல்ல சிஸ்டர். சத்து மாத்திரை மட்டும்தான்.

செவிலியர்: அரிஷ்டம்?

தாய்: அது மருந்தா சிஸ்டர்? எங்க மாமி தினமும் தாறது.

குரல்:
அதுவும் மருந்துதான். தசமூலாரிஷ்டம் நொதிக்க வெச்சு எடுக்கிறது. அதுலேயே உண்டாகுற ஆல்கஹால் 5-ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் இருக்கும். பேறுகால மருந்து, லேகியம், கஷாயம் எல்லாத்தையும் பேரோட வங்கியில சொல்லுங்க. மாமியைப் பகைக்கச் சொல்லல. மறைக்காம சொன்னா, எந்த நாள் எடுத்த பாலைச் சேர்க்கலாம், எதை விடணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. சத்து மாத்திரைக்கும் பாராசிட்டமாலுக்கும் பெரும்பாலும் தடை இருக்காது.

அப்படியே மீன். பால் ஊறணும்னு சுறாப்புட்டு வெச்சுக் கொடுக்கிறது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், கொளச்சல் பக்கம் மட்டும் இல்ல, கடற்கரை முழுக்க இருக்கிற பழக்கம். ஆனா சுறா மத்த மீனைத் தின்னு வளர்ற மீன், அதோட சதையில பாதரசம் சேரும். பாலூட்டுறவங்க பெரிய சுறாவைத் தவிர்க்கிறதுதான் நல்லது. நெத்தோலியும் சாளையும் நிறைய சாப்பிடுங்க. விலையும் குறைவு, பாதரசமும் குறைவு. பால் ஊற வைக்கிறது அடிக்கடி காலியாகுற மார்புதான்.

[திரை: கை மட்டும். பெருவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ. மார்பு மாதிரி பொம்மையை வெச்சுக் காட்டணும்.]

குரல்:
இனி கறக்குறது. நகத்தை வெட்டி, சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவுங்க. மார்பைப் பச்சைத் தண்ணியில கழுவினாப் போதும், சோப்பு வேண்டாம். தேங்காயெண்ணெய் தேய்ச்சிருந்தா துடைச்சிட்டு ஆரம்பிங்க, இல்லேன்னா அது பாலோட சேர்ந்து இறங்கும்.

காம்புல இருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி, பெருவிரல் மேலயும் ஆள்காட்டி விரல் கீழயும். முதல்ல நெஞ்சுப் பக்கமா அமுக்கு. அப்புறம் ரெண்டு விரலையும் சேர்த்து அழுத்து. விடு. தோல் மேல விரல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடிச்சு இழுத்தா வலிதான் மிச்சம், பால் அங்க இல்ல, பின்னாடி இருக்கு. முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே வராம இருக்கலாம், பயப்படாதீங்க. மூணுல இருந்து அஞ்சு நிமிஷத்துல வேகம் குறைஞ்சதும் அடுத்த மார்பு, திரும்ப இது. விரலை வெச்ச இடத்தைச் சுத்திச் சுத்தி மாத்துங்க. மொத்தம் 20-ல இருந்து 30 நிமிஷம் ஆகும்.

பம்ப் வெச்சிருக்கிறவங்க, பால் படுற ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கழுவணும். சின்ன ரப்பர் வால்வுதான் அழுக்கு தங்குற இடம். முடி அளவுக்குக் கிழிஞ்சாலும் உறிஞ்சுற வேகம் குறையும், பம்ப் பழுதுன்னு நினைச்சுக்குவோம். கழுவினதை அஞ்சு நிமிஷம் கொதிக்க வெச்சு, காத்துல காய விடுங்க. சேலைத் தலைப்பால துடைச்சா கொதிக்க வெச்சது வீண்.

ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மறுபக்கம் தானா ஒழுகுற பாலைச் சேர்த்து வெச்சு அனுப்பாதீங்க. அதுல கொழுப்பு குறைவு, கிருமி சேரவும் வாய்ப்பு கூடுதல்.

[திரை: ஃப்ரீசர் திறக்குது. முக்கால் நிறைஞ்ச மூடி போட்ட ஸ்டீல் டப்பா, மேல தேதி எழுதின சீட்டு.]

குரல்:
பாத்திரம் வங்கி கொடுத்தா அதுதான் நல்லது. இல்லேன்னா இறுக்கமா மூடி இருக்கிற ஸ்டீலோ கண்ணாடியோ. முக்கால் பங்கு மட்டும் ஊத்துங்க, உறையும்போது பால் விரியும். பேரு, தேதி, மணி எழுதி ஒட்டுங்க. காலையில குளிர்ந்த பாலோட இப்ப எடுத்த சூட்டுப் பாலைச் சேர்க்காதீங்க. தனியா குளிர வெச்சு, அப்புறம்.

25 டிகிரி வரைக்கும்னா வெளிய நாலு மணி நேரம் தாங்கும்னு புத்தகத்துல எழுதியிருப்பாங்க. நம்ம அடுக்களையில மத்தியானம் 32 டிகிரி. அந்த நாலு மணி நேரத்தை மறந்துடுங்க, எடுத்த உடனே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். 24 மணி நேரத்துக்குள்ள ஃப்ரீசருக்கு. ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜோட உள்பெட்டியில ரெண்டு வாரத்துக்கு மேல வைக்காதீங்க, அந்தப் பெட்டி கதவு திறக்கும்போதெல்லாம் சூடேறும். தனிக் கதவு ஃப்ரீசர்ல கூடுதல் நாள் இருக்கும், ஆனா வங்கி சொல்ற கெடுதான் கணக்கு. கதவுத் தட்டுல எப்பவும் வேண்டாம்.

கரண்டு போனா? 2017 நவம்பர் 30-ல ஓகி புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்துல பல ஊர் நாள்கணக்கா இருட்டுல கிடந்தது. நிறைஞ்ச ஃப்ரீசர் கதவைத் திறக்காம இருந்தா 48 மணி நேரம் குளிரைப் பிடிச்சு வைக்கும், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம். காலி இடத்துல தண்ணி பாட்டிலை அடுக்கி உறைய வைக்கிறது இதுக்காகத்தான். உருகின பாலைத் திரும்ப உறைய வெச்சுத் தானமா அனுப்பக் கூடாது. உருகிச்சோன்னு சந்தேகம் வந்தாலே வங்கியில சொல்லிடுங்க.

[திரை: மீன் கொண்டு போற தெர்மோகோல் பெட்டி. மேல சிவப்புல பெருக்கல் குறி.]

குரல்:
கொண்டு போறதுலதான் நிறைய பால் வீணாகுது. ஐஸ் பெட்டிக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்ல. ஆனா மீன் பெட்டி வேண்டாம். வாடை மட்டும் காரணமில்ல. உடைச்ச ஐஸ் பூஜ்யம் டிகிரியில உருகிக்கிட்டே இருக்கும். மைனஸ் 18-ல உறைஞ்ச பாலுக்கு அது சூடு. ஃப்ரீசர்ல கல்லா உறைய வெச்ச ஜெல் பை நாலுபக்கமும் அடுக்கி, நடுவுல டப்பா, இடைவெளி இல்லாம துணி. நீரோடியில இருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஜன்னலோர வெயில்ல பெட்டியை வைக்காதீங்க.

எங்களைக் கேட்டா, முடிஞ்சா பாலைக் கொண்டு போகாதீங்க, நீங்களே போங்க. பிள்ளைக்கு ஒன்றரை மாச ஊசி, ரெண்டரை மாச ஊசி போடப் போற நாள்ல வங்கியில உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தா, குளிர்ப் பிரச்சினையே கிடையாது.

[திரை: தண்ணித் தொட்டி மாதிரி மிஷின். உள்ள வரிசையா பாட்டில்கள் மெதுவா ஆடுது. வெப்பமானி 62.5 காட்டுது.]

குரல்:
வங்கிக்குள்ள பாலை 62.5 டிகிரியில சரியா 30 நிமிஷம் வைப்பாங்க. உடனே வேகமா குளிர வைப்பாங்க. எச்.ஐ.வி. வைரஸ் இதுல செத்துடும். நோய் எதிர்ப்புப் புரதத்துல ஒரு பங்கு குறையும், ஆனா நல்ல கிருமிகளுக்கு உணவான சர்க்கரைகள் அப்படியே தங்கும். சூடாக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் எடுத்துக் கிருமி வளருதான்னு பார்ப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் அந்தப் பாலை மைனஸ் 20-ல ஒதுக்கி வைப்பாங்க.

சூடாக்குறோமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு சுத்தம்? ஸ்டெஃபைலோகாக்கஸ்ங்கிற கிருமி நம்ம தோல்லயே இருக்கு. சூட்டுல அது செத்தாலும், முன்னாடியே கக்கி வெச்ச நஞ்சு சாகாது. பேசில்லஸ் செரியஸ் தூசியில இருக்கிறது, அதோட விதைகள் 62.5 டிகிரியைத் தாங்கிடும். பல அம்மாக்களோட பாலை ஒண்ணா கலக்குற இடத்துல, ஒருத்தர் டப்பாவுல இருந்த தூசி மொத்தத் தொகுதியையும் சாக்கடைக்கு அனுப்பும். வீட்டுல அடுப்புல காய்ச்சிக் கொடுத்தாலும் இது சரியாகாது.

அதனாலதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நேரா பால் கொடுக்கிறதையும் வாட்ஸ்அப் வழியா பால் தேடுறதையும் நாங்க பரிந்துரைக்கிறதில்ல. காசுக்கு விக்கிறது அனுமதியே இல்ல, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாசம் இதைத் தெளிவாவே சொல்லிட்டாங்க.

திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம் பக்கத்துல முஸ்லிம் குடும்பங்கள் பால்குடி உறவு பத்திக் கேப்பாங்க. நியாயமான கேள்வி. ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்க உடன்பிறப்பு, கல்யாணம் ஆகாது. கலந்த தானப்பாலுக்கு இது பொருந்துமாங்கிறதுல அறிஞர்களுக்குள்ள ரெண்டு கருத்து இருக்கு. உங்க ஆலிம்கிட்ட கேட்டுட்டு வாங்க. கொடுக்கிறதும் வாங்குறதும் ரெண்டுமே எழுத்துச் சம்மதத்தோடதான் நடக்கும்.

[திரை: போன். 104.]

குரல்:
எங்க கேக்குறது? 2017-ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்படி, தானப்பால் வாங்கிச் சுத்திகரிக்கிற மையம் மருத்துவக் கல்லூரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளுக்கானது. அடுத்த மட்டத்துல இருக்கிற பிரிவுல அம்மாவோட பாலை அவ பிள்ளைக்கே எடுத்து வைப்பாங்க, தானம் வாங்க மாட்டாங்க. அதனால ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோட பச்சிளம் குழந்தைப் பிரிவுல முதல்ல விசாரிங்க, இல்லேன்னா அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் போடுங்க, உங்க ஊர் செவிலியர்கிட்டயும் கேக்கலாம். இப்படிக் கேளுங்க: தானப்பால் இங்கேயே வாங்குறீங்களா, இல்லேன்னா எந்த வங்கிக்குப் போகணும்? டப்பா நீங்க தருவீங்களா? உறைய வெச்சது எத்தனை நாளைக்குள்ள வரணும்? எந்த நேரம் ஆள் இருப்பாங்க? கடைசிக் கேள்வியைக் கேக்காம சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியோட போய் நின்னா, பால் பெட்டியிலேயே உருகும்.